ஞாயிற்றுக்கிழமை மழை

நவம்பர் 4, திங்கள்

என் பெயர் சடையாண்டி. ஊர் மஞ்சப்பாறை. இந்த இரண்டு வரியையும் நானே எழுதினேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை. கால் மணி நேரம் ஆனது. பார்க்க அழகாக இருக்கிறது. இன்னொரு முறை எழுதுகிறேன். என் பெயர் சடையாண்டி.

நவம்பர் 5, செவ்வாய்

நேற்று சந்தோஷத்தில் சொல்ல வந்ததையே விட்டுவிட்டேன்.

பால்வாடிக் கட்டிடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. எட்டு மாதமாகப் போகிறேன். லூர்து டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, "தெனமும் நடந்தத எழுதுங்க, கை பழகும்" என்றார். எண்கள் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எழுத்துதான் இப்போது வந்தது. வந்த பிறகு தெருவில் நடக்கவே நேரம் ஆகிறது. எல்லாச் சுவரும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது.

என் வேலை மழை அளப்பது. எங்கள் மலையில் மண்சரிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. பழைய காப்பிக் கிடங்குக்கு வெள்ளை அடித்துப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதன் முற்றத்தில் மழைமானி. மேலே புனல், உள்ளே குப்பி. காலை எட்டரை மணிக்குக் குப்பித் தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன். மில்லிமீட்டர் கணக்கில் வரும் அந்த எண்ணைப் போனில் மெசேஜாக அனுப்புவேன். பதினோரு வருடமாக இதுதான்.

நேற்று மதுரையிலிருந்து இன்பராஜ் சார் வந்து இறங்கினார். மண் எப்போது சரியும் என்று படித்த பெரிய விஞ்ஞானி. கூடவே சென்னையிலிருந்து சாஃப்ட்வேர் எழுதும் பெண் ஒருத்தி. பெயர் ஃபர்ஹானா. இன்னும் மூன்று பேர். போனில் பேசிப் பேசி ஒருவர் சொன்னது ஒருவருக்கு விளங்கவில்லையாம். அதனால் ஒரு மாதம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறார்களாம். எவ்வளவு மழை பெய்தால் எந்தச் சரிவு விழும் என்று முன்கூட்டிச் சொல்லும் புரோகிராம்.

நல்ல விஷயம்தான். ஆனால் பதினோரு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு ஐந்து பேர் ஒன்றாக வருகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

நவம்பர் 7, வியாழன்

காலை ஒன்பதேகாலுக்கு எல்லாரும் வட்டமாக நிற்கிறார்கள். உட்காரக் கூடாதாம். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எந்த இடத்தில் முட்டுகிறது. விஞ்ஞானி ஆனாலும் இதே விதி.

நான் டீ கொண்டுபோனேன். ஃபர்ஹானா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நீங்களும் வட்டத்துல நில்லுங்க."

"நான் எதுக்கு பாப்பா? கிளாசு கழுவணும்."

"நீங்க அனுப்புற எண்தான் எங்க புரோகிராமுக்குச் சாப்பாடு. சமைக்கிறவர் வெளிய நிக்கலாமா?"

இன்பராஜ் சார் சிரித்தார். "அண்ணே, நில்லுங்க. இவளுக்குப் பயந்து நானே நிக்கிறேன்."

நின்றேன். நேற்று மழை அளந்தேன், இன்று அளந்தேன், எங்கேயும் முட்டவில்லை என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். பெருமையாக இருந்தது. பிறகு கிளாஸ் கழுவும்போது யோசித்தேன். நேற்று என்ன செய்தாய் என்று தினமும் கேட்பது வேவு பார்ப்பதுதானே? அந்தப் பெண் இனிக்க இனிக்கப் பேசுகிறது. கவனமாக இருக்க வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

வேலையாக வத்தலக்குண்டு போனேன். காலை ஆறரை பஸ், சாயங்காலம் ஐந்து மணி பஸ். எங்கள் ஊருக்கு இரண்டே பஸ்தான், இறங்க ஒன்று, ஏற ஒன்று.

வழியெல்லாம் படித்தேன். இரும்புக் கடை. பல் டாக்டர். இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர். அதன் மேலேயே இரண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்கச் சத்தமாகப் படித்தேன். யாருடைய புத்தகம் என்பது இங்கே தேவையில்லை.

மதியம் மீன் குழம்பு.

நவம்பர் 11, திங்கள்

அளவு 22.4. அனுப்பிவிட்டேன்.

வட்டத்தில் ஃபர்ஹானா வழக்கம்போல, "ஐயா, நேத்து என்ன செஞ்சீங்க?" என்றாள். நேற்று ஞாயிறு. மற்றவர்கள் எல்லாரும் நேற்று என்ற இடத்தில் சனிக்கிழமை செய்ததைச் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை.

"அளந்தேன்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். என்ன தட்டினாள் என்று தெரியவில்லை. ஆங்கிலம்.

நவம்பர் 12, செவ்வாய்

என் மனைவி சீனியம்மாளும் இன்று முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். "நீங்க நோட்டும் கையுமா உக்காந்துட்டா நான் யாரு கூடப் பேசுறது?" என்றாள். ஒரே நாளில் 'ட'வும் 'ப'வும் எழுதிவிட்டாள். லூர்து டீச்சர் மெச்சினார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

இன்று சுவரில் படம் போட்டார்கள். சினிமா இல்லை. என்னுடைய பதினோரு வருட மழை. காலண்டர் மாதிரி ஏழு வரிசையில் சின்னச் சின்னக் கட்டங்கள். மழை பெய்த நாளுக்கு நீலம், அதிகம் பெய்தால் கருநீலம், பெய்யாவிட்டால் வெள்ளை. நான் ஊற்றி அளந்த தண்ணீரெல்லாம் சுவர் முழுக்க நீலமாக நின்றது. கண் கலங்கிவிட்டது.

பிறகு பார்த்தேன். கடைசி வரிசை மட்டும் வழித்துவிட்டதுபோல வெள்ளையாக இருந்தது. அங்கங்கே சில கட்டங்களில் மட்டும் நீலம். அது ஞாயிற்றுக்கிழமை வரிசை.

"இது எப்படி சார்?" என்றாள் ஃபர்ஹானா. "ஞாயித்துக்கிழமை மழையே இல்ல. திங்கக்கிழமை மட்டும் மத்த நாளைவிட ரெண்டு பங்கு."

இன்பராஜ் சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் இதுவரை மாதக் கூட்டலை மட்டும்தான் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு நாளாகப் பார்த்ததே இல்லை.

"வானத்துக்கே வாராந்தர லீவு விட்டிருக்கியேம்மா. பழைய ஃபைலை உன் புரோகிராமுக்கு மாத்தும்போது ஞாயித்துக்கிழமையைத் தூக்கி திங்கக்கிழமை தலையில கட்டியிருக்க."

"இல்ல சார், மூணு தடவை பாத்துட்டேன். பழைய ஃபைல்லயே அப்படித்தான் இருக்கு. மெசேஜ் வரலைன்னா உங்க பழைய புரோகிராம் பூச்சியம்னு போட்டுக்குது."

"மெசேஜ் ஏன் வராது? அண்ணன் ஒரு நாள் விடாம அனுப்புறவர். அண்ணே, ஞாயித்துக்கிழமையும் அனுப்புறீங்கல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அனுப்புறேன் சார்" என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

நேற்று நடந்ததைப் பற்றி யோசித்தேன். எழுதி வைக்கிறேன்.

நான் ஒருநாளும் பொய் எண் அனுப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூச்சியம் என்று நான் அனுப்பவே இல்லை. ஒன்றும் அனுப்பவில்லை. பூச்சியம் போட்டது அந்தப் பழைய புரோகிராம். அதை எழுதியது சாரிடம் படித்த யாரோ ஒரு மாணவன்.

திங்கட்கிழமை குப்பியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் அனுப்புவேன். ஒரு சொட்டு விடவில்லை. மாதம் முடிந்தால் கூட்டல் சரியாக இருக்கும்.

காலை ஆறு மணிக்கு அளந்துவிட்டு பஸ் ஏறலாமே என்று யாராவது கேட்கலாம். எட்டரை என்றால் எட்டரை. ஆறு மணி அளவை எட்டரை என்று அனுப்புவது ஏமாற்று வேலை. அது என்னால் முடியாது.

நவம்பர் 15, வெள்ளி

அந்தப் பெண் என் போனைக் கேட்டாள். அனுப்பிய மெசேஜ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

சார்ஜ் இல்லை என்றேன்.

"சார்ஜர் குடுங்க ஐயா, நான் போட்டுத் தரேன்."

சார்ஜர் தம்பி வீட்டில் இருக்கிறது என்றேன். எனக்குத் தம்பி கிடையாது. அவளுக்கு அது தெரியாது.

மதியம் சீனியம்மாள் கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டாள். வெளியூர்ப் பிள்ளைகள் பாவமாம். ஃபர்ஹானாவும் அவளும் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் சிரித்துப் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அந்தப் பிள்ளையோட என்ன பேச்சு?"

"பொம்பளைக பேச்சு."

"என்னயப் பத்திக் கேட்டாளா?"

"உங்கள விட்டா உலகத்துல வேற பேச்சே இல்லையாக்கும்."

சீனியம்மாளிடம் நான், ஞாயிற்றுக்கிழமை டவுன் ஆபீஸில் கணக்கு ஒப்படைக்கிற வேலை என்று சொல்லியிருக்கிறேன். நிலையத்தில், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து வந்து அளக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் கொய்யா மரத்தடியில் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை.

நோட்டை இடம் மாற்றிவிட்டேன். எங்கே என்று எழுதப் போவதில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வேலையாகப் போனேன். விடாத மழை. மற்றவர்கள் போன வாரம் போலவே நேற்றே மதுரைக்கு இறங்கிவிட்டார்கள். ஃபர்ஹானா மட்டும் இந்த வாரம் நிலையத்திலேயே தங்கிவிட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

இன்று நிறைய எழுத வேண்டும்.

எட்டரைக்கு மழைமானியிடம் போனேன். புனலின் ஓரத்தில் ஒரு நெளிவு உண்டு. அதை எப்போதும் கிழக்குப் பார்த்து வைப்பேன். இன்று தெற்குப் பார்த்து இருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள். குரங்கு என்றால் கீழே தள்ளிவிட்டிருக்கும். இது குரங்கு இல்லை.

அளவு 97. அனுப்பினேன்.

புரோகிராமை இந்த வாரம் முதல் நிஜமாகவே ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரே நாளில் எண்பதைத் தாண்டினால் அது சிவப்பு காட்டும். காட்டியது. காலையில்தான் மதுரையிலிருந்து வந்திருந்த இன்பராஜ் சார் உடனே தாலுகா ஆபீஸுக்குப் போன் செய்தார். சாலையை மூடினார்கள். ஐந்து மணி பஸ் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. வாழைத்தார் ஏற்றிய வேன்கள் எல்லாம் திரும்பின. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த கிழவிகள் மழையில் எட்டு மைல் நடந்து ஏறினார்கள்.

மண் ஒரு கைப்பிடிகூட விழவில்லை.

சார் வந்து என் தோளில் கை வைத்தார். "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. நேத்து எவ்வளவு அனுப்புனீங்க? இன்னைக்கு எவ்வளவு?"

அந்தக் கை என் தோளில் இருந்தது.

"நேத்து அம்பது சார். இன்னைக்கு நாப்பத்தேழு."

"பாத்தியாம்மா!" என்று கத்தினார். "ரெண்டையும் கூட்டிப் போட்டு ஊரையே அடைச்சிட்ட. நாப்பத்தேழுக்கு யாராவது ரோட்டை மூடுவானா?"

"சார், எங்களுக்கு வந்த மெசேஜ் 97தான். வர்ற மெசேஜ் எல்லாம் லாக் ஃபைல்ல பதிவாகும், பாருங்க."

"அந்த லாக்கை எழுதுறதும் உன் புரோகிராம்தானே! பதினோரு வருஷமா இந்த மனுஷன் நனைஞ்சு அளந்திருக்காரு. உன் புரோகிராம் நேத்துப் பொறந்தது. நான் யாரை நம்ப?"

ஃபர்ஹானா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. வகுப்பில் நான் ஒரு எழுத்தைத் தப்பாகப் போடும்போது லூர்து டீச்சர் காத்திருப்பாரே, அப்படிப் பார்த்தாள்.

நவம்பர் 19, செவ்வாய்

டீக்கடையில் ஒரே ஏச்சு. "மெட்ராஸ்லருந்து ஒரு புள்ளையக் கூட்டியாந்து பொட்டியத் தட்டவிட்டா மழ தெரிஞ்சிருமாக்கும். எங்க சடையாண்டிக்குத் தெரியாத மழையா!" என்றான் கடைக்காரன். எனக்கு டீ ஓசி.

இன்பராஜ் சார் சென்னைக்கு எழுதிவிட்டார். சனிக்கிழமை ஃபர்ஹானா திரும்பிப் போகிறாள். வேறு ஆள் வருவான். பன்னிரண்டு மாதம் அவள் எழுதிய புரோகிராமில் இனி அவள் கை இருக்காது.

மதியம் நான் புனலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தாள்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை நாப்பத்திநாலு. அம்பது இல்ல."

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எட்டரைக்கு நீங்க வருவீங்கன்னு குடையோட நின்னேன். ஒன்பது மணி வரைக்கும் வரல. நானே அளந்தேன். மறுபடி குப்பியிலயே ஊத்திட்டேன். புனலைத் திருப்பி வெக்கத் தெரியல."

"சார்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்? சொன்னா நீ போக வேண்டாமே."

"நான் சொன்னா ஒரு ஞாயித்துக்கிழமைக்குத்தான் சாட்சி. மீதி ஐந்நூத்தி எழுபது? சில ஞாயிறு நீங்க அளந்திருக்கீங்க, படத்துல நீலம் இருக்கு. ஆனா வெள்ளையா இருக்கிறதுல எது நீங்க இல்லாத நாள், எது நிஜமாவே மழை இல்லாத நாள்? புரோகிராம் ஊகிக்கும். ஊகத்தை வெச்சு இன்னொரு நாள் ரோட்டை மூடுவோம். இல்லாட்டி மூடாம விட்டுருவோம். அந்த ரோட்டுக்குக் கீழ முப்பது வீடு இருக்கு."

நான் துணியைப் பிழிந்தேன்.

"எங்க போனீங்கன்னு எனக்கு வேண்டாம் ஐயா. இல்லைங்கிறது மட்டும் போதும். வரலைங்கிறது வேற, பெய்யலைங்கிறது வேற. அதைப் பிரிச்சுச் சொல்ல உங்களால மட்டும்தான் முடியும்."

போய்விட்டாள். இந்தப் பெண்ணை நான் இரண்டு வாரமாக எதற்கெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அழிக்கவில்லை.

நவம்பர் 20, புதன்

அளவு 3.2. எழுத மனம் வரவில்லை.

நவம்பர் 21, வியாழன்

சாரிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியுமா என்று நேற்று முழுக்கப் பார்த்தேன். முடியாது. சாருக்குச் சத்தமாகத்தான் பேச வரும். சீனியம்மாள் குழம்போடு வந்தால், "ஞாயித்துக்கிழமை எல்லாம் அண்ணன் எங்கம்மா போறாரு?" என்று முற்றத்தில் நின்று கேட்பார். அதற்கு முன்னால் அவளுக்கு நான் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வேலையாக என்று இந்த நோட்டில் நான் எழுதியதெல்லாம் தவமணி வீடு. தவமணி என் மகள். ஒரே மகள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனாள். வேறு சாதி. வத்தலக்குண்டில் டயர் கடை வைத்திருக்கிறான். பங்காளிகள் எல்லாரும் பார்க்க நான் ஓடையில் இறங்கித் தலைமுழுகினேன். எனக்கு மகள் இல்லை என்றேன். சீனியம்மாளிடம், அவள் வாசலை நீ மிதித்தால் என் வாசலை மிதிக்காதே என்றேன்.

அவள் மிதிக்கவில்லை. நான் மிதித்தேன்.

ஒரு வருடம் கழித்து வத்தலக்குண்டு சந்தையில் தவமணியைப் பார்த்தேன். வயிறு தெரிந்தது. கையில் கனமான பை. வாங்கிக்கொண்டு கூட நடந்தேன். வீடு வரைக்கும் நடந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் போனேன். அந்த வாரமே சீனியம்மாளிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரப் பொய். சொல்லவில்லை. பிறகு இரண்டு வாரப் பொய் ஆனது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

தவமணி ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "அம்மா எப்பப்பா வரும்?" அம்மாவுக்குத்தான் கோபம் தீரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை எழுதுவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் இது எனக்கே தெரிந்திருக்காது.

நவம்பர் 22, வெள்ளி

நேற்று சாயங்காலம் சொன்னேன். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ சீனி, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க. கைக்குத்தான் வேல, காது சும்மாத்தான் இருக்கு."

சொன்னேன். மொச்சை உரிப்பது நிற்கவில்லை.

"எம்புட்டு நாளா?"

"பதினோரு வருசம்."

"வாரா வாரமா?"

"பஸ் ஓடாத வாரம் போகல."

"பிள்ளைக?"

"ரெண்டு. பெரியவன் அஞ்சாப்பு. சின்னவ மூணாப்பு."

இன்னொரு பிடி மொச்சையை எடுத்துக்கொண்டு, "கொழம்புல இன்னமும் புளிய அள்ளிக் கரைக்கிறாளா?" என்றாள்.

"ஆமா."

"அதத் தின்னுட்டு வந்துதான் வாரா வாரம் எங்கிட்ட, ஆபீஸ்ல டீயாக் குடிச்சேன், வயிறு மந்தமா இருக்கு, சோறு வேணாம்னு சொன்னீகளா?"

"ஆமா."

"நானும் சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்தேன்."

மொச்சையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. காலையில் கஞ்சி மட்டும் ஊற்றி வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை.

ஒன்பதேகால் வட்டத்தில் நின்றேன். என் முறை வரும்வரை நிற்க முடியவில்லை.

"நான் ஞாயித்துக்கெழம அளக்கல சார். பதினோரு வருசமா அளக்கல. திங்கக்கெழம ரெண்டு நாள் தண்ணியையும் சேத்து அனுப்புவேன். அன்னைக்கு அனுப்பினது 97தான். அம்பது, நாப்பத்தேழுன்னு நானாப் பிரிச்சுச் சொன்னேன். இந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல."

இன்பராஜ் சார் முகம் சுருங்கிவிட்டது.

"மாசக் கூட்டல் சரியாத்தான் இருக்கும் சார்" என்றேன். அதுதான் எனக்கு மிச்சம் இருந்தது.

சார் ஃபர்ஹானாவிடம் திரும்பினார். "எத்தனை மாசம் ஞாயித்துக்கிழமையில முடிஞ்சிருக்கு?"

அவள் தட்டிப் பார்த்தாள். "பத்தொன்பது, சார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதக் கடைசி ஞாயிறாக இருந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த மாதத்துக்குப் போயிருக்கும். கூட்டலும் சரி இல்லை.

சார் வெளியே போய் மழைமானிப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார். திரும்பி வந்து எல்லார் முன்னாலும் ஃபர்ஹானாவிடம், "மன்னிச்சிரும்மா. சென்னைக்கு நானே பேசுறேன்" என்றார். என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "நான் உங்களுக்காக ஒரு பிள்ளையைத் திட்டிட்டேனே அண்ணே."

அண்ணே என்றுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 23, சனி

ஃபர்ஹானா போகவில்லை. பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகளையும் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என் கையால் எழுத வேண்டும். கொரோனாவில் பஸ் ஓடாத மாதங்கள், எனக்குக் காய்ச்சல் வந்த வாரம், மரம் விழுந்து சாலை அடைபட்ட நாட்கள், ஊர்த் திருவிழா எல்லாம் யோசித்து யோசித்து நாற்பத்தொரு இடத்தில் 'அளந்தேன்' என்று எழுதினேன். மற்ற எல்லாவற்றிலும் 'இல்லை'.

இல்லை, இல்லை, இல்லை. முதல் பக்கத்தில் கோணலாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அச்சு மாதிரி வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, கை பழகியதில் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

"இப்ப புரோகிராம் என்ன பண்ணும் பாப்பா?"

"இல்லைன்னு நீங்க போட்ட நாளைத் திங்கக்கிழமையோட சேத்து ரெண்டு நாள் மழைன்னு புரிஞ்சுக்கும். மெசேஜ் வராத நாள்ல இனிமே பூச்சியம் போடாது. 'ஐயா எங்கே?'ன்னு கேக்கும்."

"என் பேரச் சொல்லியா கேக்கும்?"

"உங்க பேரைச் சொல்லித்தான்."

சாயங்காலம் சீனியம்மாள், இரண்டு நாளில் முதல் முறையாக என்னிடம் பேசினாள். "அட்ரஸ எழுதிக் குடுங்க" என்றாள். எழுதினேன். காகிதத்தை விளக்கடியில் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றிலும் தெரிந்த எழுத்தைத் தேடிப் பிடித்தாள். தெரியாத எழுத்து வந்த இடத்தில்கூட என்னைக் கேட்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஆறரை பஸ்ஸில் சீனியம்மாள் போனாள். மஞ்சள் பையும், ஒரு தூக்குவாளியும். நான் வரட்டுமா என்று கேட்கவில்லை.

எட்டரைக்கு அளந்தேன். 6.8. அனுப்பினேன்.

ஐந்து மணி பஸ்ஸில் அவள் வரவில்லை.

நவம்பர் 25, திங்கள்

11.0. வரவில்லை. வட்டத்தில், நேற்று என்ன செய்தீர்கள் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

நவம்பர் 26, செவ்வாய்

மழை இல்லை. பூச்சியம் என்று அனுப்பினேன். தவமணியிடம் அவள் என்ன சொல்லியிருப்பாள்? அம்மாவுக்குத்தான் கோபம் என்று நான் சொல்லி வைத்தது இந்நேரம் வெளியே வந்திருக்கும். போனில் கூப்பிட்டேன். தவமணி எடுக்கவில்லை.

நவம்பர் 27, புதன்

சாயங்கால பஸ்ஸில் வந்துவிட்டாள். தலையில் பூ இருந்தது. கையில் புது வளையல். அவள் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பையை வைத்தாள், கால் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன்.

"தவமணி என்ன சொன்னா?"

"அப்பா வரலையான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு மழ அளக்குற வேல இருக்கு, இனிமே நாந்தான் வருவேன்னு சொல்லிட்டேன்."

"வேற கெழமைல நான் ஒரு எட்டு..."

"எட்டரை தெனமும் வருமுல்ல? பஸ் ஆறரைக்குத்தானே?"

அவள் அடுப்புப் பக்கம் போனாள். கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்தே, "பதினோரு வருசம் போயிட்டு வாரேன். அப்புறம் ரெண்டு பேரும் போவோம்" என்றாள்.

எனக்கு அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்பது வருகிறது.